வின்டர் டயரை எப்போது மாட்டுவது? முன்னால் இரண்டு மட்டும் போதுமா?

முதல்பனி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. டயர் மாற்றிப் பழகியவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள், நான்கைந்து சந்தேகங்கள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

போன குளிர்காலத்தின் பாதியில் ஒரு பழைய கார் வாங்கினேன். முன் சக்கர இழுவை. விற்றவர் வின்டர் டயர் மாட்டிய நிலையில் கொடுத்தார். சம்மர் டயர் நான்கையும் தனி ரிம்மோடு டிக்கியிலும் பின் சீட்டிலும் ஏற்றி அனுப்பினார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றே எனக்கு அப்போது தெரியாது. பனி போய் வெயில் வந்து ஜூலை முடியும் வரைக்கும் அதே வின்டர் டயரில்தான் ஓட்டினேன். ஒரு நாள் நல்ல வெயிலில் முன்னால் போன வண்டி சட்டென்று நின்றது. நானும் பிரேக்கை முழுதாக மிதித்தேன். வண்டி நின்றது, ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் நிற்கவில்லை, இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு கை நுழையும் அளவுதான் மிச்சம். பின் சீட்டில் என் மகள் இருந்தாள். அன்றைக்கே மெக்கானிக்கிடம் போய் சம்மர் டயரை மாட்டிக்கொண்டேன்.

இப்போது அதற்கு நேர்மாறான சிக்கல். இன்னும் ஒரு பொட்டுப் பனி விழவில்லை. ஆனால் போன வாரம் காலை ஆறரைக்கு, காய்ந்த சாலையில், ரவுண்டானாவில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி ஒரு நொடி நேராகவே போனது. வேகம் 30கூட இருக்காது. கண்ணாடியில் மட்டும் மெல்லிய உறைபனி இருந்தது, அதைச் சுரண்டிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

பனி விழும் வரை காத்திருக்கலாமா, இப்போதே மாற்ற வேண்டுமா? வின்டர் டயர் நான்கில் இரண்டு, கோடையிலும் ஓட்டியதால் நன்றாகத் தேய்ந்துவிட்டன, காடியின் (பள்ளத்தின்) ஆழம் இன்னும் 3 மி.மீ. சொச்சம்தான் இருக்கிறது, மற்ற இரண்டும் 6 மி.மீ. இருக்கின்றன. இழுப்பது முன் சக்கரம்தானே, முன்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டால் போதாதா? இன்னொன்று, ரிம்மோடு இருப்பதால் நானே மாட்டிவிடலாமா? காரோடு வந்த ஜாக்கியும் ஒரு ஸ்பேனரும் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை. கூட வேலை பார்க்கும் ஒருவர், வருடம் முழுதும் மாற்றாமல் ஓட்டும் ஆல்சீசன் டயர் வாங்கிப் போட்டுவிட்டு இதையெல்லாம் மறந்துவிடு என்கிறார்.


திருகுசாவி எழுதியது:

ரவுண்டானாவில் உங்களுக்கு நடந்ததுதான் பதில். மாற்ற வேண்டிய நாள் ஏற்கெனவே வந்துவிட்டது.

பனியைப் பார்த்து டயர் மாற்றுவது எல்லோரும் செய்யும் தப்பு. பார்க்க வேண்டியது வெப்பமானி. பகலிலும் சேர்த்து 7 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து இருக்க ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள் என்று ஒரு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. அது கோடு கிழித்த மாதிரி எல்லா டயருக்கும் பொருந்தும் எண் இல்லை, ஆனால் நடைமுறைக்கு நல்ல எண். சம்மர் டயரின் ரப்பர் சூட்டில் உருகலாகாது, தேயலாகாது என்று இறுக்கமாகச் செய்யப்பட்டது. குளிர் ஏற ஏற அது கெட்டிப்பட்டுவிடும். சாலை நம் கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தாலும் அதன் மேல் பொடிப்பொடியாக ஆயிரம் மேடு பள்ளம் உண்டு. ரப்பர் மெத்தென்று அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கிப் பிடித்தால்தான் பிடிமானம். கெட்டியான ரப்பர் மேடுகளின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். சாலை காய்ந்திருந்தும் உங்கள் வண்டி நேராகப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். கண்ணாடியில் உறைபனி பிடித்திருந்தது என்றால் சாலையிலும் அங்கங்கே கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் 30 கி.மீ. வேகமும் அதிகம்தான்.

வின்டர் டயர் கலவையில் இயற்கை ரப்பரும் சிலிக்காவும் வேறு விகிதத்தில் இருக்கும், குளிரிலும் இளகியே இருக்கும். அதே இளக்கம்தான் ஜூலையில் உங்களைக் காட்டிக்கொடுத்தது. வெயிலில் டயரின் மேல்பரப்பில் உள்ள ரப்பர் கட்டைகள் பிரேக் போடும்போது வளைந்து கொடுக்கும், நிற்கும் தூரம் கூடும், கூடவே மளமளவென்று தேயும். 

ஒரு வின்டர் டயரைக் கையில் எடுத்து ஒரே ஒரு கட்டையை மட்டும் உற்றுப் பாருங்கள். நெளிநெளியாகப் பிளேடால் கீறிய மாதிரி மெல்லிய வெட்டுகள் தெரியும். விரலால் அந்தக் கட்டையைப் பக்கவாட்டில் தள்ளினால் வெட்டுகள் வாய் திறக்கும். ஓடும்போது ஒவ்வொரு வெட்டின் விளிம்பும் பனியைக் கவ்வும். கட்டைகளுக்கு நடுவில் உள்ள அகலமான காடிகளில் பனி திணிந்துகொள்ளும், அது அப்படித் திணிந்திருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் பனியை ரப்பர் பிடிப்பதைவிட பனியே நன்றாகப் பிடிக்கும். உருண்டை பிடிக்கும்போது பனி எப்படி ஒன்றோடு ஒன்று ஒட்டுகிறதோ அதே சங்கதிதான்.

பனிக்கென்றே டயர் செய்தவர்களில் முந்தியவர்கள் பின்லாந்துக்காரர்கள். 1934இல் லாரிக்குச் செய்தார்கள், 1936இல் காருக்கு. இன்று நோக்கியன் என்ற பெயரில் டயர் விற்கும் கம்பெனியின் கதை அது. சீவாத பனிச்சாலையில் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்ற தேவையில் பிறந்த டயர், அதனால்தானோ என்னவோ இன்றுவரைக்கும் பலர் வின்டர் டயர் என்றால் ஆழமான பனியில் சிக்காமல் போவதற்கு என்றே நினைக்கிறார்கள். அன்றாடம் உயிரைக் காப்பது பனியே இல்லாத குளிர் காலைகளில்தான்.

வாங்கும்போது பக்கச்சுவரில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனிச்செதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குறி பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் வரும். வெறும் எம்+எஸ் (சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) எழுத்து மட்டும் இருந்தால் அது தயாரித்தவர் தானே போட்டுக்கொண்டது, சோதனை எதுவும் தேவையில்லை.


மலைப்பாதை எழுதியது:

முன்னால் இரண்டு மட்டும் என்ற யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நானே அனுபவித்ததால் சொல்கிறேன்.

எனக்கும் முன் சக்கர இழுவை வண்டிதான். ஒரு வருடம் முன்னால் மட்டும் புது வின்டர் டயர் போட்டுவிட்டு, பின்னால் பழையதையே விட்டுவைத்தேன். கிளம்பும்போது அருமையாகக் கிளம்பியது, மேட்டில் வழுக்கவே இல்லை, அதனால் நம்பிக்கை கூடிவிட்டது, அந்த நம்பிக்கைதான் ஆபத்து. ஒரு இறக்கத்தில் வளைவு. வளைவுக்குள் போனபிறகு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், அவ்வளவுதான் செய்தேன். எடை முன்பக்கம் சாய்ந்தது, பின்பக்கம் இலேசானது, முன் டயர் சாலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இருக்க, பின் டயர் விட்டுவிட்டது. வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு வந்த திசையைப் பார்த்து நின்றது. எதிரில் வண்டி எதுவும் வராததால் இன்றைக்கு இதை எழுதுகிறேன்.

முன் சக்கரம் வழுக்கினால் உங்களுக்குக் கையிலேயே தெரியும், வேகத்தைக் குறைத்தால் பிடி திரும்ப வந்துவிடும். பின்பக்கம் வழுக்கினால் தெரிவதற்குள் சுற்றிவிடும். அதனால்தான் இரண்டுதான் வாங்க முடியும் என்ற கட்டாயத்தில்கூட காடி ஆழமானதைப் பின்னால் போடச் சொல்கிறார்கள். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானம் என்று இருப்பதுதான் சரி. பல நாடுகளில் சட்டப்படி 1.6 மி.மீ. இருந்தால் ஓட்டலாம், ஆனால் வின்டர் டயர் 4 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால் சேற்றுப் பனியில் அதை நம்ப முடியாது. உங்கள் 3 மி.மீ. சொச்சம் முடிந்த கதை.


ஆறாம்கியர் எழுதியது:

ஆல்சீசன் பற்றி ஒரு வார்த்தை. அதை இங்கே எல்லோரும் ஒரேயடியாகத் தள்ளிவிடுவார்கள், நான் தள்ள மாட்டேன். குளிர்காலத்தில் நான்கைந்து நாள் மட்டும் பனி எட்டிப் பார்க்கும் இடத்தில், நகரத்துக்குள்ளேயே கொஞ்சமாக ஓட்டுபவருக்கு, அந்த மலைக்குறி உள்ள நல்ல ஆல்சீசன் போதும். ஆனால் அது இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் செய்த டயர். உங்களுக்குக் காலை ஆறரைக்கே வேலை, சாலையில் பனி சீவுவதற்கு முன்னால் ஓட்டுகிறீர்கள், கையில் இரண்டாவது செட் ரிம் வேறு இருக்கிறது. இரண்டு செட்டாக இருந்தால் எட்டு டயரும் பாதிப்பாதி நேரம்தான் ஓடும் என்பதால் மொத்தச் செலவில் பெரிய வித்தியாசமும் வராது. உங்கள் நிலைமையில் நான் தனி வின்டர்தான் போடுவேன்.

அப்புறம் இருக்கிற ஊர்ச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம், சாலை காய்ந்திருந்தாலும் கட்டாயம். ஜெர்மனியில் தேதியே கிடையாது, சாலையில் பனியோ உறைபனியோ இருந்தால் வின்டர் டயர் இருக்க வேண்டும், 2024 அக்டோபரிலிருந்து அந்த மலைக்குறி இருந்தால்தான் கணக்கில் வரும், எம்+எஸ் செல்லாது. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, அதுவும் குளிர்காலச் சாலையாக இருந்தால். எல்லாம் குறைந்தபட்சம்தான், தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் பனி விழுந்த மறுநாள் டயர் கடையில் வரிசையில் நிற்க முடியாது.


பழைய ஸ்பேனர் எழுதியது:

தம்பி, ரிம்மோடு இருந்தால் தாராளமாக நீங்களே மாட்டலாம். முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆகும், அப்புறம் முக்கால் மணி நேரம். ஆனால் நட்டை அளவு பார்த்து இறுக்கும் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்காமல் இறங்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் நேரமில்லை என்று ஒரு கடையில் கொடுத்து மாற்றினேன். காற்றுத் துப்பாக்கியால் டர்ர் டர்ர் என்று பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் நெடுஞ்சாலையில் இடது பக்கம் முன்னாலிருந்து ஒரு சத்தம். முதலில் டக்... டக்... என்று மெதுவாக, வேகம் கூடக்கூடச் சத்தமும் நெருங்கி வந்தது, அப்புறம் ஸ்டியரிங் கையில் ஆட ஆரம்பித்தது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் ஐந்து நட்டில் மூன்றைக் கையாலேயே திருக முடிந்தது. மற்ற இரண்டும் நேர்மாறாக, நான் ஸ்பேனரின் மேல் ஏறி நின்றும் அசையவில்லை. ஒரே சக்கரத்தில் இரண்டு விதமான தப்பும். இறுக்கம் கூடினால் போல்ட் இழுபட்டு ஒரு நாள் ஒடியும், பிரேக் டிஸ்க்கும் கோணலாகும். குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். சமதளமான, கெட்டியான தரை. கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுங்கள். நட்டை இளக்குவது சக்கரம் தரையில் இருக்கும்போதே, தூக்கியபிறகு இல்லை. ஜாக்கி வைக்கும் இடம் கதவுக்குக் கீழே தகடு கெட்டியாக மடித்திருக்கும் பகுதி, கார் புத்தகத்தில் படத்தோடு இருக்கும். வேறு இடத்தில் வைத்தால் தகடு உள்வாங்கிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டவே கூடாது. கழற்றிய சக்கரத்தைப் படுக்கையாகக் காருக்கு அடியில் தள்ளி வையுங்கள், ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும்.

சக்கரம் கழன்றதும் நேராகப் புதுச் சக்கரத்தைத் தூக்கி வைத்துவிட வேண்டாம். ஹப்பை, அதாவது சக்கரம் ஒட்டி உட்காரும் நடுப்பகுதியைப் பாருங்கள். செதில் செதிலாகத் துரு பூத்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும், ரிம்மின் உள்முகத்தையும் அப்படியே. நடுவில் துரு சிக்கினால் சக்கரம் ஒட்டி உட்காராது, நீங்கள் இறுக்கிய இறுக்கம் துரு பொடியானதும் தளர்ந்துவிடும். ஹப்பின் நடு விளிம்பில் மட்டும் லேசாக செராமிக் பேஸ்ட் தடவலாம், அடுத்த முறை எளிதாகக் கழலும். போல்ட் மரையில் எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். மரை வழுக்கினால் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும், போல்ட் மட்டும் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும்.

நட்டை எல்லாம் முதலில் கையால் திருகுங்கள். அப்புறம் நட்சத்திரம் வரைகிற வரிசையில், ஒன்று விட்டு ஒன்று. வண்டியை இறக்கியபிறகு டார்க் ரெஞ்ச். பெரும்பாலான கார்களுக்கு 90 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் வரும், உங்களுடையது என்ன என்பதைப் புத்தகத்தில் பாருங்கள். டிக் என்று ஒரு தடவை சத்தம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். 50 கி.மீ.யிலிருந்து 100 கி.மீ.க்குள் ஓட்டிவிட்டுத் திரும்ப ஒரு முறை பிடித்துப் பாருங்கள். இதை மட்டும் மறக்கவே கூடாது.

இன்னொன்று, இரும்பு ரிம்முக்கும் அலாய் ரிம்முக்கும் நட் வேறாக இருக்கலாம். ஒன்றில் உட்காரும் இடம் கூம்பாக இருக்கும், இன்னொன்றில் உருண்டையாக. விற்றவர் தனியாக ஒரு பையில் நட் கொடுத்தாரா என்று தேடுங்கள்.

கடைசியாக, எதையும் வாங்குவதற்கு முன்னால் டயரின் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு ஒரு வரிசை ஓடும். அதன் கடைசி நான்கு இலக்கம்தான் பிறந்த தேதி. 3521 என்றால் 2021இன் 35ஆவது வாரம்.


முதல்பனி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மலைப்பாதை அக்காவும் பழைய ஸ்பேனர் அண்ணாவும் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரியே டார்ச் எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

தேய்ந்த இரண்டிலும் 3019. நான் நல்ல டயர் என்று நினைத்துக்கொண்டிருந்த 6 மி.மீ. டயர் இரண்டிலும் 4113! அதாவது 2013 அக்டோபரில் செய்தது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், 2019 டயரில் நகம் பதிந்து மெதுவாக மேலே வந்தது, 2013 டயரில் பதியவே இல்லை. கட்டைகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தின் அடியில் முடி முடியாக விரிசல். போன குளிர்காலத்தின் மிச்சம் முழுதும் இதை நம்பித்தான் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போயிருக்கிறேன்.

நான்கும் புதிது சொல்லிவிட்டேன், பழைய வின்டர் ரிம்மிலேயே போட்டு, பாலன்ஸ் பார்த்துத் தருவார்கள். ஒரு சந்தேகம்: சம்மர் டயர் 225/45 ஆர்17, வின்டர் ரிம்மில் இருப்பது 205/55 ஆர்16. அளவு மாறினால் பரவாயில்லையா?

நட் பையும் கிடைத்துவிட்டது, ஸ்டெப்னிக்கு அடியில் இருந்தது.


திருகுசாவி எழுதியது:

2013 டயரை இப்போதாவது பார்த்தீர்களே, நல்லது. ஆழம் இருக்கிறது என்பதற்காக ரப்பர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. நன்றாகத் தெரிந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரை மாற்றிவிடுங்கள் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன, வின்டர் டயருக்கு அவ்வளவு நாள்கூட நான் விட மாட்டேன்.

அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். 225/45 ஆர்17 மொத்த விட்டம் 634 மி.மீ. சொச்சம், 205/55 ஆர்16க்கு 632. இரண்டு மி.மீ. வித்தியாசத்தில் ஸ்பீடாமீட்டர் ஏமாறாது. ரிம் சிறிதானால் பக்கச்சுவர் உயரும், பனிக்கு அடியில் மறைந்திருக்கும் குழியில் விழுந்தாலும் ரிம் தப்பிக்கும். குறுகலான டயர் பனியை அமுக்கிக்கொண்டு கீழே இறங்கும், அதுவும் நல்லதே. கார் புத்தகத்தில் இந்த அளவு குறிப்பிட்டிருக்கிறதா என்று மட்டும் ஒரு முறை சரிபாருங்கள். டயர் தாங்கும் எடையைச் சொல்லும் சுமை எண் காருக்குச் சொன்னதைவிடக் குறையக் கூடாது.

டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் இடது வலது மாறாமல் மாட்டுங்கள்.


முதல்பனி எழுதியது:

இன்று மாட்டிவிட்டேன். பழைய ஸ்பேனர் அண்ணா சொன்ன இரண்டு மணி நேரம் எனக்கு மூன்றே கால் ஆனது, ஏனென்றால் பின் வலது சக்கரம் எல்லா நட்டும் கழற்றியபிறகும் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. கடைசியில் இரண்டு நட்டைப் பாதி மரைக்குத் திரும்ப மாட்டிவிட்டு, வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, முன்னும் பின்னும் ஒரு அடி நகர்த்தினேன். பட் என்று விட்டது. உள்ளே துரு கைப்பிடி அளவு கொட்டியது.

மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது, டயர் படத்துக்குள் ஆச்சரியக்குறி. காற்று நான்கிலும் சரியாக இருக்கிறது. என்ன செய்வது?


ஆறாம்கியர் எழுதியது:

அது காற்றழுத்த எச்சரிக்கை. இரண்டு வகை உண்டு. சில கார்களில் சக்கரத்துக்குள்ளேயே சென்சார் இருக்கும், வின்டர் ரிம்மில் சென்சார் இல்லாவிட்டால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், சென்சார் இருந்தும் அதன் புது ஐடியைக் காருக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டாலும் எரியும். இன்னொரு வகையில் சென்சாரே இருக்காது, சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டுக் கணக்குப் போடும், அதற்கு மெனுவில் போய் ரீசெட் செய்தால் போதும். முதலில் ரீசெட் இருக்கிறதா என்று பாருங்கள்.

காற்றை எங்கே வைத்துப் பார்த்தீர்கள்? சூடான கராஜில் 25 டிகிரியில் நிரப்பிவிட்டு, வெளியே மைனஸ் 5இல் நிறுத்தினால் 4, 5 பிஎஸ்ஐ தானாகக் குறையும். ராத்திரி முழுதும் வெளியே நின்ற வண்டியில் காலையில் அளந்து பாருங்கள். குளிர்காலத்தில் மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.


பழைய ஸ்பேனர் எழுதியது:

நட்டைத் திரும்ப மாட்டிவிட்டு நகர்த்தியது சரியான வேலை. பலர் காருக்கு அடியில் உட்கார்ந்து உதைப்பார்கள், அப்படி மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள்.

கழற்றிய சம்மர் டயரைக் கழுவிக் காயவைத்து, எது எந்த மூலையில் இருந்தது என்று சாக்பீஸால் எழுதி வையுங்கள். ரிம்மோடு இருப்பதால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம், இல்லை தொங்கவிடலாம். வெயிலும் பெட்ரோல் வாசனையும் படாத இருட்டான இடம் வேண்டும். மோட்டார் ஓடும் இடத்துக்கும் வெல்டிங் செய்யும் இடத்துக்கும் பக்கத்தில் வேண்டாம், அங்கே உண்டாகும் ஓசோன் வாயு ரப்பரில் விரிசல் விடவைக்கும்.


முதல்பனி எழுதியது:

மெனுவில் ரீசெட் இருந்தது அண்ணா, விளக்கு அணைந்துவிட்டது. வெளியே நின்ற வண்டியில் காலையில் அளந்தேன், ஒவ்வொன்றிலும் 3 பிஎஸ்ஐ குறைவு, நிரப்பிவிட்டேன்.

80 கி.மீ. ஓட்டியபிறகு ரெஞ்ச் பிடித்துப் பார்த்தேன். மூன்று சக்கரம் உடனே டிக் என்றது. அந்தப் பின் வலது சக்கரத்தில் மட்டும் இரண்டு நட் கால் சுற்று போனபிறகுதான் டிக் கேட்டது. நாளை மறுபடியும் அதை மட்டும் பார்க்கிறேன்.